மொட்டை மாடியில் காயவைத்த கற்கள்

அந்த ஆவணி மாதம் எங்கள் வீட்டுக்கு வந்த எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

“மீனு எங்க டீச்சர்?”

கூடத்தில், தொலைக்காட்சி இருந்த இடத்தில், மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர், வெள்ளை மணல், பதினோரு கற்கள். மேலே இரண்டு சின்ன மின்விசிறிகள் தண்ணீரைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும். ஓர் ஓரத்தில் மோட்டார் ஒன்று தண்ணீரைக் கற்கள் மீது தள்ளிக்கொண்டிருக்கும். மீன் கிடையாது. வந்தவர்கள் குனிந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, மீனை நான் எங்கோ ஒளித்துவைத்திருப்பதுபோல நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள்.

“இன்னும் விடல. தண்ணி பக்குவமாகணும்.”

“எம்புட்டு நாளாகும்?”

“ஒரு மாசம். கூடவும் ஆகலாம்.”

காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் சிலிண்டரை உருட்டிக்கொண்டே, “தண்ணிய ஊற வைக்கிறத இங்கதான் பாக்குறேன்” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இத்தனைக்கும் நான் அறிவியல் ஆசிரியை. எட்டாம் வகுப்புக்குப் பல வருடங்களாக நைட்ரஜன் சுழற்சியைக் கரும்பலகையில் வட்டம் போட்டு அம்புக்குறி இட்டு நடத்தியிருக்கிறேன். செத்தது அழுகும், அழுகலில் இருந்து அம்மோனியா வரும், ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். ஐந்து மதிப்பெண் கேள்வி. பலகையில் அதை வரைந்து முடிக்க எனக்கு நாலு நிமிடம் போதும். அதே சுழற்சி என் வீட்டுத் தொட்டியில் ஒரு மாதம் எடுக்கும் என்பதையும், அந்த ஒரு மாதமும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதையும் எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

தொட்டி எதற்கு வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை என் மகள் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. அப்போது அவள் இரண்டாம் ஆண்டு. வழக்கமாக ஐந்தே முக்கால் பேருந்தில் ஒத்தக்கடை நிறுத்தத்தில் இறங்கி, பத்து நிமிடம் நடந்து வருவாள். அன்று ஆறானது, ஏழானது. கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. தோழிகளுக்கு எதுவும் தெரியவில்லை. நானும் என் கணவரும் காவல் நிலையத்தில் அவளுடைய புகைப்படத்தைக் கொடுத்தோம். பள்ளி அடையாள அட்டையிலிருந்த பழைய படம். அதில் அவளுக்கு இரட்டைப் பின்னல். “என்ன கலர் டிரெஸ்?” என்று கேட்டார்கள். எனக்கு ஞாபகம் வரவில்லை. காலையில் நான்தான் அதைத் தேய்த்துக் கொடுத்திருந்தேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு யாருடைய எண்ணிலிருந்தோ அழைப்பு வந்தது. “அம்மா, நான் ராமேஸ்வரத்துல இருக்கேன். நல்லாத்தான் இருக்கேன். பஸ் ஏறிட்டேன், வாரேன்.”

வேறு ஒன்றும் நடக்கவில்லை. அதை நான் இன்று சொல்கிறேன். அன்று நம்பவில்லை. கூட யாரும் போகவில்லை, யாரும் வரச் சொல்லவில்லை, தேர்விலும் தோற்கவில்லை. கடல் பார்க்க வேண்டும்போல இருந்ததாம். பார்த்தாளாம். கடைசிப் பேருந்தை விட்டுவிட்டு, ரயில் நிலையத்தில் வடநாட்டு யாத்திரிகர் குடும்பம் ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். “சொல்லிட்டுப் போயிருந்தா விட்டிருப்பியா?” என்று மட்டும் கேட்டாள். விட்டிருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு நோய் மாதிரி ஆகிவிட்டது. மாலை ஐந்தே முக்கால் தாண்டினால் உள்ளங்கை குளிர்ந்துவிடும். அவளுடைய கைப்பேசி எங்கே இருக்கிறது என்று என் கைப்பேசியில் நீலப் புள்ளி காட்டும்படி செய்துகொண்டேன். வகுப்பு நடுவில், பிள்ளைகள் பலகையைப் பார்த்து எழுதும்போது, மேசைக்குக் கீழே அந்தப் புள்ளியைப் பார்ப்பேன். அவளுக்கு அது தெரியும். பேச்சையே குறைத்துக்கொண்டாள்.

ஆலோசனைக்கென்று அவளைக் கே.கே. நகரில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். காத்திருக்கும் அறையில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள் இரண்டு. எங்களைக் கூப்பிட முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவள் அதன் முன்னால் நின்றாள். வரவேற்பில் இருந்த பெண்ணிடம், உப்பு எவ்வளவு, தண்ணீர் எங்கிருந்து, யார் வந்து பார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்தில் அவள் ஒரே மூச்சில் அத்தனை வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. மருத்துவர் சொன்னதில் எனக்கு ஒரு வரிகூட நினைவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியின் பின்னாலிருந்து, “நம்ம வீட்டுல ஒன்னு வைக்கலாமாம்மா?” என்றாள். நான் உடனே சரி என்றேன். என் கணவருக்கே ஆச்சரியம். ஒரு குக்கர் வாங்க ஆறு கடை ஏறி இறங்குகிறவள் நான். ஆனால் என் மனதில் ஒரு கணக்கு இருந்தது. கடலை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டால் இவள் கடலைத் தேடிப் போக மாட்டாள். யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் எவ்வளவு சிறுபிள்ளைத்தனமாக இருக்கும் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

தொட்டி, மோட்டார், உப்பு எல்லாம் பழைய நகரத்தில், யானைக்கல் பக்கம் மீன் கடை வைத்திருக்கும் பாயிடம் வாங்கினோம். முப்பத்தைந்து வயதிருக்கும். பேச்சு ஓயாது. என்னை அக்கா என்பார், என் மகளைப் பாப்பா என்பார், மீனை ஐட்டம் என்பார்.

“அக்கா, நல்ல தண்ணி மீனுன்னா இன்னைக்கு வாங்கி இன்னைக்கே விடலாம். இது அப்படி இல்ல. மொதல்ல கல்லுக்குள்ள இருக்கிற உசுருக்குச் சோறு போட்டு வளக்கணும். பொறவுதான் ஐட்டம்.”

“கல்லுக்குள்ள உயிரா?”

“லைவ் ராக்குன்னா அதான அர்த்தம். கடல்ல இருந்து பவளப்பாறைய எடுத்தா ஜெயிலுதான். இது சிமெண்டும் சிப்பி மணலும் சேத்துச் செஞ்ச கல்லு. ராமேஸ்வரம் போற வழியில, உச்சிப்புளிப் பக்கம் ஒருத்தர் ஒரு வருசம் கடத்தண்ணித் தொட்டியில போட்டு ஊற வச்சுத் தாராரு. கல்லு செஞ்சது, உசுரு வளந்தது.”

தாங்கு மேசை ஆடாமல் நிற்க ஒரு நாள் போயிற்று. எங்கள் வீட்டுத் தரை சாய்வு என்பது பத்து வருடம் குடியிருந்த பிறகு அன்றுதான் தெரிந்தது. வடிகட்டிய தண்ணீர் கேன்களை என் கணவர் தூக்கித் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பெரிய நீல டிரம்மில் உப்பைக் கரைத்து, ஒரு நாள் சுற்றவிட்டு, சின்னக் குழாய் மாதிரி ஒரு கருவியில் ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் ஒற்றைக் கண்ணால் பார்த்து, உப்பின் அளவு முப்பத்தைந்து என்று வந்ததும் என் மகள் “கடல்” என்றாள். அன்று அவள் முகம் நன்றாக இருந்தது.

கற்கள் தெர்மாகோல் பெட்டியில் ஈரச் செய்தித்தாள் சுற்றி வந்தன. பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்க மீன் மார்க்கெட்டின் பின்பக்க வாசனை. ஒவ்வொன்றிலும் ஊதா நிறத்தில் தேமல் மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. ஒரு கல்லின் பொந்திலிருந்து நூல் போன்ற கால் ஒன்று வெளியே வந்து உள்ளே போயிற்று. அவள் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அடுக்கினாள். பிறகு ஒரு பச்சை இறாலைப் பழைய காலுறைத் துணியில் முடிந்து உள்ளே தொங்கவிட்டாள்.

“இது எதுக்கு?”

“அழுகணும். அப்பத்தான் அம்மோனியா வரும். அதத் தின்னுதான் பாக்டீரியா பெருகும்.”

“நம்ம கூடத்துலயா அழுகணும்?”

“நீதானம்மா எட்டாப்புல நடத்தின.”

அதோடு, “இனிமே ஒன்னும் செய்யக் கூடாது” என்றாள்.

“ஒன்னும்னா?”

“ஒன்னும்னா ஒன்னும்தாம்மா. ஆவியாகுற அளவுக்குத் தண்ணி மட்டும் ஊத்தணும். அதையும் நான் ஊத்திக்கிறேன்.”

எனக்கு வராத ஒரே வேலை அதுதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் போடத் தெரியும், கணக்கு வரவில்லை என்றால் கூட உட்காரத் தெரியும். ஒன்றும் செய்யாமல் இருக்க யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நாலாம் நாள் தண்ணீர் ஒரு விரல் குறைந்திருந்ததைப் பார்த்து, அவள் கல்லூரியில் இருந்தபோது, டிரம்மில் மீதமிருந்த உப்புத் தண்ணீரை ஊற்றி நிரப்பினேன். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும் என்பது ஆறாம் வகுப்புப் பாடம். மாலையில் அவள் கருவியில் பார்த்தபோது முப்பத்தெட்டு.

“ஊத்தினியா?”

“கொறஞ்சிருந்துச்சு.”

“அம்மா, ப்ளீஸ்.” அவ்வளவுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் பரிசோதனையில் இறங்கினேன். சோதனைக் குழாயில் தண்ணீர் எடுத்து, சின்ன பாட்டிலில் இருந்து சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து நிறத்தைப் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை, பச்சை என்றால் இருக்கிறது. அவள் வாரம் இரு முறை பார்ப்பாள். நான் தினமும் இரு முறை, அவளுக்குத் தெரியாமல் பார்த்தேன். கரும்பச்சை. மறுநாளும் கரும்பச்சை. பத்தாம் நாளிலும் கரும்பச்சை. ஜன்னல் பக்கம், விளக்குப் பக்கம், வாசல் பக்கம் என்று இடம் மாறி மாறி நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் அதே பச்சை. எங்கள் தலைமையாசிரியை, மீன் தொட்டி வைத்தால் இரத்த அழுத்தம் குறையும் என்றார். எனக்கு ஏறிக்கொண்டிருந்தது.

பதினாறாம் நாள் பச்சை லேசாக வெளுத்தது. பதினெட்டாம் நாள் மஞ்சள். அன்று மாலை அவளும் பார்த்தாள். “பாதி வந்துருச்சும்மா, இனி நைட்ரைட் இறங்கணும்” என்று என் தோளைத் தட்டினாள். அவள் என்னைத் தொட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கற்களின் மேலும் மணல் மேலும் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் படர ஆரம்பித்தது. கண்ணாடியிலும்தான். கழுவாத சாக்கடை ஓரம் மாதிரி. “அது வரும், போகும். தொடாத” என்றாள். இறாலும் கரைந்து முடிந்தபாடில்லை. வெள்ளிக்கிழமைகளில் வீடு கழுவி, விளக்கேற்றி, சாம்பிராணி போடுகிற கூடத்தில், முழங்கை தூரத்தில் இறால் அழுகிக்கொண்டிருந்தது. கவிச்சி சமைக்காத நாளில் கவிச்சி தானாக நடந்துகொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் அக்கா குடும்பம் வருவதாகச் செய்தி வந்தது. மகள் காணாமல் போன சேதி அவர் வழியாகத்தான் சொந்தம் முழுக்கப் பரவியது. என் வீட்டில் அழுக்கும் நாற்றமும் இருப்பதை அவர் பார்க்கக் கூடாது. எனக்கு அந்த ஒரு நினைப்புதான். வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். மகள் கல்லூரிக்குப் போனதும் புடவையைச் செருகிக்கொண்டு தொட்டியில் கையை விட்டேன்.

எட்டுக் கற்கள் வெளியே வந்தன. அடியில் மணலுக்குள் பதிந்திருந்த மூன்றை அசைக்க முடியவில்லை. எட்டையும் குளியலறைக்குக் கொண்டுபோய் வாளியில் போட்டு, குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, தேங்காய் நார் வைத்துத் தேய்த்தேன். அன்று தண்ணீரில் குளோரின் வாசனை தூக்கலாக இருந்தது. நல்லதுதான், கிருமி போகும் என்று நினைத்ததை மறைக்க மாட்டேன். பழுப்பு போயிற்று. ஊதாவும் கொஞ்சம் போயிற்று. அப்படியும் வாடை போகவில்லை. வாடை போக என்ன செய்வோம்? வெயிலில் வைப்போம். மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து, முந்தின நாள் காயவைத்திருந்த மிளகாயை ஓரமாகத் தள்ளிவிட்டு, எட்டுக் கற்களையும் வரிசையாக வைத்தேன். பத்தரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை. மதுரை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எடுக்கும்போது கற்கள் கை சுட்டன. வெள்ளையாக, சுத்தமாக, கோயில் பிரகாரத்துக் கல் மாதிரி இருந்தன. இறாலையும் தூக்கி எறிந்துவிட்டுக் கற்களைத் திரும்ப அடுக்கினேன். அவள் அடுக்கியதைவிட ஒழுங்காகவே அடுக்கினேன்.

கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது எனக்கு அத்தனை நிம்மதி. பத்தொன்பது நாளில் முதல் முறையாக உருப்படியாக ஏதோ செய்திருந்தேன்.

அவள் வந்தாள். பையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் நின்றாள்.

“எத்தன கல்ல எடுத்த?”

“எட்டு. நல்லா தேச்சுக் கழுவி…”

“எந்தத் தண்ணியில?”

சொன்னேன். மொட்டை மாடியையும் நானே சொல்லிவிட்டேன். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று அந்த நொடிவரை நினைத்துக்கொண்டிருந்தேன் போல. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைக் கேட்ட என் கணவர், “கருவாடுன்னு நெனச்சிட்டியா?” என்றார். அவர் சமயநல்லூர் பக்கம் ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளர். எதையும் சிரித்தே கடத்திவிடுவார். அன்று யாரும் சிரிக்காததால் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை தண்ணீர் அரிசி கழுவிய நீர் போல வெளுத்தது. கற்களுக்குள் வெந்து செத்த உயிர்களெல்லாம் ஒன்றாக அழுகத் தொடங்கியிருந்தன. ஞாயிறு காலை அந்த நாற்றத்தில் தெருவாசல் வரை நிற்க முடியவில்லை. சோதனைக் குழாயில் அட்டையில் இல்லாத ஒரு பச்சை.

சரியாக அப்போது என் மதினி வந்து இறங்கினார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டியைச் சுற்றி வந்தார்.

“ஏம்மா, இதென்ன குட்டை?”

“கடல்நீர்த் தொட்டி, மதினி. மீன் விடப்போறோம்.”

“இதுலயா? மீனு வாக்குமூலம் எழுதி வச்சுட்டுல்ல செத்துப்போகும்.” பிறகு அறைக்குள்ளிருந்த என் மகளுக்குக் கேட்கும்படியாகக் குரலை உயர்த்தினார். “கடலத் தேடிப் போன புள்ளைக்குக் கடலயே வாங்கிக் குடுத்தாச்சாக்கும். நாளைக்கு இமயமலைக்குப் போனான்னா என்னத்த வாங்குவ, தம்பி?”

என் கணவர், “அக்கா, காப்பி ஆறுது” என்றார். என் மகள் வெளியே வந்து, “வாங்க அத்த” என்று சொல்லி, பலகாரத் தட்டை நீட்டிவிட்டு, தொட்டியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீரை எடுத்து மாற்ற ஆரம்பித்தாள். அவர்கள் போகும்வரை நிறுத்தவில்லை.

அவர்கள் போனதும் நான்தான் ஆரம்பித்தேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், வேறு வந்தது.

“எல்லாம் உனக்காகத்தானடி செஞ்சேன். உனக்காகத்தான் இந்தக் கடலையே வீட்டுக்குள்ள கொண்டாந்தேன். இனி நீ எங்கயும் போக வேணாம்னு.”

வாளியைக் கீழே வைத்தாள்.

“அதுக்கா வாங்கின?”

கீழே சிந்திய தண்ணீரைத் துடைக்க நான் துணியை எடுத்தேன்.

“அம்மா, நான் இதக் கேட்டதே அங்க போறதுக்குத்தான். கல்லு வேணும், தண்ணி வேணும், ஏதாச்சும் ஒன்னுக்கு மாசம் ஒருக்கா போகலாம்ல. சொல்லிட்டே போகலாம்ல. சும்மா கடல் பாக்கப் போறேன்னா நீ விட மாட்ட. வேலையிருக்குன்னா விடுவன்னு நெனச்சேன்.”

ஒரே தொட்டிக்குள் நாங்கள் இருவரும் எதிரெதிரான இரண்டு காரியங்களைப் போட்டு ஊறவைத்திருக்கிறோம். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. ஏமாற்றப்பட்டதுபோல. நானும் அதைத்தான் செய்தேன் என்பது தெரிந்தும் கோபம் குறையவில்லை.

பாயிடம் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் அவர் குரல்: “வெயில்லயா? யா அல்லாஹ்! அக்கா டீச்சர்னுல்ல சொன்னீங்க!” கொஞ்ச நேரம் சிரித்துவிட்டுச் சொன்னார்: அடியில் இருந்த மூன்று கல்லில் உயிர் இருக்கும், அதைக் காப்பாற்ற வேண்டும். செத்த எட்டையும் எடுத்துவிட வேண்டும். புதுக் கல் இப்போது கடையில் இல்லை. உச்சிப்புளிக்காரரிடம் சனிக்கிழமை கிடைக்கும், பாப்பா நேரில் போனால் நல்லதாகப் பொறுக்கி எடுக்கலாம்.

“நான் போறேன்” என்றாள் மகள்.

“நானும் வாரேன்” என்றேன்.

“வேணாம்.”

வாரம் முழுக்க இந்த இரண்டு வரிதான் எங்கள் வீட்டில் திரும்பத் திரும்ப ஓடியது. என் கணவர் நடுவில், “பகல் பஸ்ஸுதான, மாட்டுத்தாவணில ஏத்திவிட்டா நேரா போகுது” என்றார். அவரோடும் இரண்டு நாள் பேசவில்லை. வியாழக்கிழமை தெரு வாட்ஸப் குழுவில் அறிவிப்பு வந்தது. சனிக்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் ஐந்து வரை மின்சாரம் இருக்காது. மோட்டார் நின்றால் தண்ணீர் அசையாது, அசையாத தண்ணீரில் மிஞ்சியிருக்கும் மூன்று கல்லும் மூச்சுமுட்டிச் சாகும். யாராவது நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்து, குவளையால் மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். என் கணவருக்குச் சனிக்கிழமையும் ஆலை உண்டு.

அந்த அறிவிப்பை நான் எத்தனை முறை வாசித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் போகாமல் நின்றால் நான் போய்க் கல் வாங்கலாம் என்றுகூட யோசித்தேன். எனக்குக் கல்லைப் பார்த்து வாங்கத் தெரியாது என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மாட்டுத்தாவணியில் அவளை ஏற்றிவிட்டேன். “போனவுடனே போன் போடு. பரமக்குடில ஒன்னு போடு. ராம்நாட்ல ஒன்னு.” “போடுறேம்மா.” பேருந்து நகரும்போது நடத்துநரிடம், “புள்ள தனியா வருது, பாத்துக்குங்கண்ணே” என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதையும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஒன்பதுக்கு மோட்டார் நின்றது. ஒரு மணை போட்டு உட்கார்ந்தேன். மொள்ள வேண்டும், உயர்த்தி ஊற்ற வேண்டும். பத்து நிமிடம் ஊற்று, ஐந்து நிமிடம் ஓய்வு. பத்து மணிக்கு ராமநாதபுரத்திலிருந்து பேசினாள். பதினொன்றேகாலுக்கு, “வந்துட்டேன், தொட்டி எல்லாம் வீடு மாதிரி பெருசும்மா” என்றாள். பின்னால் காற்றுச் சத்தம். அதற்குப் பிறகு இல்லை. நீலப் புள்ளி உச்சிப்புளியில் நின்றது. ஒரு மணிக்கும் அங்கேயே. இரண்டுக்கும் அங்கேயே. கூப்பிட்டால் அணைக்கப்பட்டுள்ளது என்ற குரல். பாயை மூன்று முறை கூப்பிட்டேன். மூன்றாம் முறை அவர், “அக்கா, அங்க சிக்னல் அப்படித்தான் இருக்கும், நீங்க தண்ணிய ஊத்துங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குக் குவளையை வீசி எறிய வேண்டும்போல இருந்தது. கிளம்பிப் போய்விடலாம் என்று இரண்டு முறை எழுந்தேன். எழுந்தால் கற்கள் தெரிந்தன. ஒரு பொந்திலிருந்து அந்த நூல்கால் வெளியே நீண்டு, தண்ணீர் விழும் திசையில் தடவிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தேன். மொண்டேன். வலது தோள் மரத்துப்போய் இடது கைக்கு மாற்றினேன்.

ஐந்துக்கு மின்சாரம் வந்தது. ஐந்தே முக்கால் தாண்டியது. உள்ளங்கை குளிர்ந்தது. ஈரத்தில் கிடந்த கைதான், வேறொன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறரைக்கு என் கணவர் வந்து, நான் முகம் கொடுக்காததைப் பார்த்து, ஒத்தக்கடை நிறுத்தத்துக்குப் போய் நின்றார்.

ஏழரைக்கு இருவரும் பெட்டியோடு வந்தார்கள். அவள் முகம் வெயிலில் கறுத்து, முடியெல்லாம் உப்புப் பிசுக்கு.

“ஏன் போன் எடுக்கல?” அதுதான் என் வாயில் முதலில் வந்தது.

“சார்ஜ் போச்சு. பெட்டியப் பிடிம்மா, தண்ணி சொட்டுது.”

பிடித்தேன். கையுறை போடச் சொன்னாள், போட்டேன். ஐந்து கற்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன், அவள் வைத்தாள். சோதனைக் குழாயில் சொட்டு விட்டு, ஐந்து நிமிடம் நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். இளம்பச்சை. நல்லதுமில்லை, மோசமுமில்லை. “மூனும் பொழைச்சிருச்சு போல” என்றாள். எத்தனை மணி நேரம் ஊற்றினேன் என்று கேட்கவில்லை. என் தோளைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

மறுபடி முதல் நாள். மறுபடி இறால். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: “மிச்சம் மூனு கல்லு அங்க இன்னும் ஆகல. அடுத்த மாசம்தான் தருவாங்களாம். அப்ப வந்தா ராத்திரி தங்கிட்டுப் போகச் சொல்லி கல்லுக்காரரு வீட்டம்மா சொன்னாங்க. காலைல மீன் வலை இழுக்குறது பாக்கலாமாம்.”

வேண்டாம் என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஓர் இரவு. இன்னும் ஓர் இரவு. அவள் துவட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தபடி நின்றாள். என் கணவர் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

“அவங்க வீட்டு நம்பர் குடு” என்றேன். “உன் போன நம்பி இருக்க முடியாது.”

எண்ணைச் சொன்னாள். காலண்டர் ஓரத்தில் எழுதினேன். ஓர் எண் சரியாக விழவில்லை. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.